ஜடாயுவுக்கு இரண்டு ஊர்

குத்தாலம்,
கார்த்திகை.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். சம்பா நடவு முடிந்து பயிர் நன்றாகப் பிடித்திருக்கிறது. மழைதான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து பயமுறுத்துகிறது.

போனில் நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் துண்டு துண்டாகப் போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நாசிக்கில் பஞ்சவடியிலேயே குடியிருக்கிறோம், அங்கிருந்து ராமர் போன வழியாகவே, கிஷ்கிந்தை என்று சொல்கிற ஹம்பி பார்த்து ராமேஸ்வரம் வரை போகப் போகிறோம் என்றாய். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. நம் பக்கமும் ராமர் வந்த இடங்கள் இருக்கின்றனவே என்றதற்கு, "அதெல்லாம் கோயில்ல சொல்ற கதைம்மா. ஒரே ஜடாயுவுக்கு வைத்தீஸ்வரன்கோயில்லயும் சிதை, புள்ளபூதங்குடியிலயும் சிதையா?" என்றாய்.

நல்ல கேள்வி. வால்மீகியை வைத்துப் பார்த்தால் நீ சொல்வதுதான் சரி. ராமர் தஞ்சாவூர்ப் பக்கம் வந்ததாக அதில் இல்லை. வானர சேனை சஹ்யம், மலயம் என்று மலைகளை ஒட்டியே தெற்கே போய்க் கடலைச் சேருகிறது. ஆனால் காவிரி அதில் இருக்கிறது. சீதையைத் தேடத் தென்திசைக்கு அங்கதனையும் அனுமாரையும் அனுப்பும்போது சுக்ரீவன் வழி சொல்கிறான் இல்லையா, அங்கே வருகிறது. தெளிந்த தண்ணீர் ஓடும் காவிரியைப் பார்ப்பீர்கள், அப்சரஸுகள் விளையாடும் ஆறு அது என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் அகத்தியர் இருக்கும் மலையையும் தாமிரபரணியையும் சொல்கிறான். இங்கே நாம் குளித்துத் துணி துவைக்கிற ஆறு, கிஷ்கிந்தையில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. நீ ஹம்பியில் நிற்கும்போது இதை பாப்பாவுக்குச் சொல்.

கம்பருக்கு வருகிறேன். அவர் பிறந்த தேரழுந்தூர் நம் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம். சின்ன வயதில் ஆமருவியப்பன் கோயிலுக்கு உன்னைக் கூட்டிப்போய்க் கம்பர் சிலையைக் காட்டியிருக்கிறேன், உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. பரதன் அண்ணனைத் திரும்ப அழைத்துவரக் கங்கைக்கரைக்குப் போகிறான். அயோத்தியைச் சுற்றியுள்ள வயல்களை விட்டுப் போவதைச் சொல்ல வரும்போது கம்பருக்கு வேறு உவமை கிடைக்கவில்லை. "காவிரி நாடு அன்ன கழனி நாடு" என்கிறார். கோசலத்தைப் பார்க்காதவர்களுக்கு இதைவிட எப்படிச் சொல்வது? வரப்பில் நின்று பார், இதுதான் அயோத்தி என்று கையைக் காட்டிவிட்டார். எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குக் கோசலத்தை வருணிக்கும் நாட்டுப் படலம் நடத்தும்போது நான் வரைபடம் எதுவும் காட்டியதில்லை. ஜன்னலைத் திறந்து வைப்பேன், அவ்வளவுதான்.

முடிசூட்டும் இடத்திலும் அப்படியே செய்திருக்கிறார். வசிஷ்டர் ராமருக்கு மகுடம் வைக்கிறார். அந்த மகுடத்தை அவர் கையில் எடுத்துக் கொடுப்பது யார்? வெண்ணெயூர்ச் சடையனின் முன்னோர். தன்னை ஆதரித்த வேளாளர் வீட்டுப் பெரியவர்களைக் கொண்டுபோய் அயோத்தி சபையில் நிறுத்திவிட்டார். படிக்கிறவர்களுக்கு அது தப்பாகவே தோன்றுவதில்லை. கதைக்குள் நம் மனிதர்கள் இருக்க வேண்டும் என்று இந்த மண்ணுக்கு ஓர் ஆசை உண்டு. கோயில் கதைகளும் அந்த ஆசையில்தான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

இனி ஜடாயு.

வைத்தீஸ்வரன்கோயில் கதை நேற்று கட்டிய கதை இல்லை, தம்பி. 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் அந்த ஊர்ப் பதிகத்தில் சம்பாதி, சடாய் என்று அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார். கம்பர் 12ஆம் நூற்றாண்டு என்று வைத்துக்கொண்டால், அவருக்கு ஐந்நூறு வருஷம் முந்தியே அந்தப் பறவை இந்த மண்ணில் வந்து விழுந்துவிட்டது. பிரகாரத்தில், ஜடாயுவை எரித்த இடம் என்று சொல்லும் ஜடாயு குண்டம் இருக்கிறது. எல்லோரும் செவ்வாய் தோஷத்துக்கும் உடம்பு சரியாகவும் அங்காரகனிடமும் வைத்தியநாதரிடமும் போய்விட்டு, இதைத் தொட்டும் தொடாமலும் கடந்துவிடுகிறார்கள். நீ அப்படிப் போகாதே.

புள்ளபூதங்குடி சுவாமிமலைக்குப் பக்கத்தில். சின்னக் கோயில், கூட்டம் இருக்காது. பெருமாளுக்கு வல்வில் ராமன் என்று பெயர். திருமங்கையாழ்வார் பாடிய தலம். நின்ற கோலத்தில் வில்லோடு இருப்பார் என்று நினைத்துப் போகிறவர்களுக்குத் திகைப்பாக இருக்கும். படுத்திருக்கிறார். ஜடாயுவுக்குக் காரியம் முடித்த களைப்பில் படுத்தார் என்று எனக்குத் தோன்றும். அது நானாக நினைத்துக்கொள்வது, தலபுராணம் இல்லை. ஊரில் இன்னொன்று சொல்வார்கள். ஈமக்கடன் செய்ய மனைவி பக்கத்தில் இருக்க வேண்டும், சீதையோ இல்லை. அதனால் பூமாதேவியே வந்து கூட நின்றாளாம். யாரும் இல்லாத காட்டில் ஒரு பறவைக்குச் செய்கிற காரியத்தில்கூட முறை குறையக் கூடாது என்று எந்தக் காலத்து மனிதர்களோ கவலைப்பட்டிருக்கிறார்கள்.

அந்தக் கவலை ஏன் என்று யோசித்துப் பார். கம்பரில் தசரதனுக்குப் பெரிய பிள்ளை கொள்ளி வைக்கவில்லை. ராமர் காட்டில். பரதன் வந்தும், அவன் என் பிள்ளை இல்லை என்று தசரதன் சொல்லிவிட்டதால் செய்ய முடியவில்லை. கடைசியில் சத்ருக்னன் செய்கிறான். பஞ்சவடிக்குப் போகும் வழியில் தசரதன் செத்த சேதியை ஜடாயு ராமர் வாயால் கேட்கிறது. சிநேகிதன் போனபின் தானும் நெருப்பில் விழுவேன் என்று துடிக்கிறது. நீங்களும் போய்விட்டால் எங்களுக்கு யார் என்று பிள்ளைகள் தடுக்கிறார்கள். அப்படித் தடுத்து நிறுத்திய பெரியவர்தான் பிறகு சீதைக்காகச் சண்டை போட்டு விழுந்து கிடக்கிறார். ராமர் இரண்டு கையாலும் தூக்கிச் சிதைமேல் வைக்கிறார். சந்தனமும் பூவும் தண்ணீரும் சொரிந்து, தலைமாட்டில் தீ மூட்டுகிறார். அப்பாவுக்குச் செய்யக் கிடைக்காததையெல்லாம் அந்தப் பறவைக்குச் செய்கிறார்.

2020 சித்திரையில் உன் அப்பா போனபோது ரயில் இல்லை, விமானம் இல்லை. நீ நாசிக்கில் போன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாய். பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். அவனை நான் அன்றிலிருந்து சத்ருக்னன் என்றே மனதுக்குள் கூப்பிடுகிறேன். நீ அதைப் பற்றி இன்று வரை வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கேயோ தூரத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் காலம் காலமாக இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பெற்ற ஊர்கள், அந்தக் காரியம் எங்கள் மண்ணில் நடந்தது, எங்கள் குளத்துத் தண்ணீரில் நடந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டிருக்கின்றன. இரண்டு ஊர் சொல்கிறது என்பது எனக்குக் குறையாகவே படவில்லை. இன்னும் நாலு ஊர் சொன்னாலும் போய்க் கும்பிட்டுவிட்டு வருவேன்.

அதனால் இந்த முறை ராமேஸ்வரத்துக்கு முன்னால் ஊருக்கு வா. தை அமாவாசைக்குக் கோடியக்கரையில் கடலில் முழுகி, அப்பாவுக்கு உன் கையால் எள்ளும் தண்ணீரும் விடு. அங்கேயே, காட்டுக்குள் ஒரு மணல்மேட்டில் ராமர் பாதம் இருக்கிறது. அந்தக் காட்டிலேயே உயரமான இடம் அதுதான். ராமர் அங்கிருந்து இலங்கையைப் பார்த்தாராம். தெரிந்தது ராவணன் கோட்டையின் பின்பக்கம். பின்வாசல் வழியாகப் போவது வீரனுக்கு அழகில்லை என்று சேதுவுக்குப் போய்விட்டாராம். வேதாரண்யத்துக்காரர்கள் இதைச் சொல்லும்போது ராமர் தங்கள் ஊரை விட்டுப் போன வருத்தம் கொஞ்சம்கூட இருக்காது, பெருமையாகத்தான் சொல்வார்கள். பாப்பாவுக்கு வெளிமான் காட்டலாம். தையில் பூநாரையும் இருக்கும். போரெல்லாம் முடிந்து திரும்பிய ராமரைத் துரத்தி வந்த, ராவணனைக் கொன்ற தோஷத்தை விரட்டிய வீரகத்தி விநாயகரும் வேதாரண்யம் கோயிலில்தான் இருக்கிறார், மறக்காமல் பார்.

கும்பகோணத்துக்கு ஒரு முழு நாள் வை. ராமசுவாமி கோயில், ரகுநாத நாயக்கர் கட்டியது. ராமரும் சீதையும் ஒரே ஆசனத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பரதன் குடை பிடிக்க, சத்ருக்னன் சாமரம் வீச, லட்சுமணன் வில்லோடு நிற்கிறான். கம்பரில் அரியணையைத் தாங்குகிற அனுமார் இங்கே ஒரு கையில் வீணையும் ஒரு கையில் ராமாயணச் சுவடியுமாக இருக்கிறார். நடந்த கதையை நடத்தியவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து படிக்கிறார். எனக்கு அந்தச் சன்னதியை விட்டுக் கிளம்பவே மனசு வராது. வெளியே வந்தால் பிரகாரச் சுவர் நெடுக ஓவியமாக ராமாயணம்.

அங்கிருந்து நாகேஸ்வரன் கோயிலுக்கு நடந்தே போகலாம். ஆதித்த சோழன் காலத்துக் கோயில். சிவன் கோயில்தான், ஆனால் கருவறைச் சுவருக்குக் கீழே அடிப்பகுதியில் சின்னச் சின்னச் சிற்பமாக ராமாயணம் ஓடுகிறது. பெரியவர்கள் எல்லாம் மேலே மாடத்தில் இருக்கும் அழகான சிலைகளைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள். கீழே உட்கார்ந்தால்தான் இது தெரியும். பாப்பா உயரத்துக்குச் சரியாக இருக்கும், அவளைக் கூட்டிப்போய் உட்கார வை. ராமர் வழிபட்டதாகச் சொல்லும் பாபநாசம் 108 சிவாலயமும் போகிற வழிதான். மன்னார்குடிப் பக்கம் இருக்கும் வடுவூர் ராமர் முகத்தைப் பற்றி எழுத முடியாது, நேரில் பார்.

ஒன்று மட்டும் விட்டுவிடக் கூடாது. தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் ஆனந்தமங்கலம். ராஜகோபாலசுவாமி கோயிலில் இருந்த ராமர், லட்சுமணன், சீதை மூன்று செப்புத் திருமேனிகளையும் 1978இல் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். போனது லண்டனுக்கு. 1958இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் எடுத்து வைத்திருந்த போட்டோ இருந்ததால், அது நம்முடையதுதான் என்று அடையாளம் காட்ட முடிந்தது. 2020 நவம்பரில் மூவரும் ஊருக்குத் திரும்பி வந்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு வனவாசம் 42 வருஷம். டிவியில் அதைப் பார்த்த அன்று உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சென்னை வரை எப்படியாவது வந்துவிடு, அங்கிருந்து ராத்திரி வண்டி ஏறினால் விடியும்போது மயிலாடுதுறை. ஸ்டேஷனுக்குப் பெரியப்பா மகனை அனுப்புகிறேன். அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால் இருக்கிற மாதிரி டிக்கெட் போடு, கடைசி நேரத்தில் போட்டால் எல்லா வண்டியும் நிறைந்துவிடும். மேட்டூர் அணையை மூடுவதற்குள் வந்தால் பாப்பா ஆற்றிலும் இறங்கலாம். கோடியக்கரைக்கு விடிகாலையில் கிளம்ப வேண்டும், மருமகளிடம் சொல்லி வை. போட்டதும் தேதியை எனக்குச் சொல், புரோகிதரிடம் பேச வேண்டும்.

அன்புடன்,
அம்மா