துக்க வீட்டுக்கு முதலில் போ

அன்புள்ள மகளே,

உன் கடிதம் வந்தது. உங்கள் அன்பியத்தில், பக்கத்து வீடுகள் கூடி ஜெபிக்கிற அந்தச் சிறு குழுவில், இந்த ஒரு வருஷத்துக்குள் மூன்று சாவு. இன்னொரு வீட்டில் வேலை போய் வங்கி நோட்டீஸ் வந்து கிடக்கிறது. இவர்கள் முன்னால் நின்று கிறிஸ்துமசை மகிழ்ச்சியின் நற்செய்தி என்று எந்த முகத்தோடு சொல்லுவேன் என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வி உனக்கு வந்ததே நல்லது. அன்பியத்தின் கிறிஸ்துமஸ் பொறுப்பை யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவளிடம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் லூக்கா 2-ம் அதிகாரத்தை எடுத்து 20-ம் வசனம் வரை மெதுவாக வாசி. குடிலில் பார்த்துப் பழகிய காட்சியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடு. பேரரசன் அகுஸ்து மக்கள்தொகைக் கணக்குக்கு ஆணை போடுகிறான். அதற்காக நிறைமாதக்காரி ஒருத்தி நாசரேத்திலிருந்து பெத்லகேம் வரை போக வேண்டியிருக்கிறது. தங்க இடம் கிடைக்கவில்லை. பிள்ளையைத் துணியில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்துகிறாள். அந்தத் தொட்டி 7, 12, 16 என்று மூன்று வசனங்களில் வருகிறது. அதுதான் அடையாளம் என்று தூதரே சொல்லுகிறார். இரவுக் காவலில் இருந்த இடையர்களிடம் அவர் முதலில் சொல்லும் சொல் "அஞ்சாதீர்கள்" என்பது. மகிழ்ச்சி அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த ஒரு இரவில் உலகம் மாறிவிடவில்லை. ஏரோது அரண்மனையில்தான் இருக்கிறான், கணக்கெடுப்பும் நிற்கவில்லை, இடையர்களும் வந்த வழியே திரும்பிப் போகிறார்கள். ஆனால் கடவுளைப் புகழ்ந்துகொண்டே போகிறார்கள். நிலைமை சரியாகட்டும் என்று கடவுள் காத்திருக்கவில்லை, அதற்குள்ளேயே வந்து பிறந்தார். நாம் சுமந்துகொண்டு போகிற எதிர்நோக்கு இவ்வளவுதான், மகளே. இதைச் சொல்ல சிரித்த முகம் வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனி. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளே, டிசம்பர் 26-ல், பீடத்தில் இரத்தசாட்சிகளுக்குரிய சிவப்பு உடை வந்துவிடும். கல்லெறிபட்டுச் செத்த ஸ்தேவானின் திருநாள். 28-ல் ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். அன்றைய நற்செய்தியில் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள். அந்த அழுகையைக் கிறிஸ்துமஸ் வாரத்துக்கு உள்ளேயே வைத்திருப்பது திருச்சபைதான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி உங்கள் அன்பியத்தில் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அவளிடம் இதைச் சொல். அவளுடைய அழுகை இந்தப் பெருவிழாவுக்கு வெளியே நிற்கவில்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது கிறிஸ்துமசுக்கு 25 நாள்தான் இருந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று இந்தக் கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போன ஆண்கள் திரும்பாத வீடுகளில் அந்த வருஷம் "அஞ்சாதீர்கள்" என்பது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார். அங்கே நிற்காத நற்செய்தி வேறெங்கும் நிற்காது.

இனி செய்ய வேண்டியதற்கு வருகிறேன். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்டுவதில்லை, பலகாரம் செய்வதில்லை. அது நம் வழக்கம், அதில் கை வைக்காதே. ஆனால் கேரல் குழுவும் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவது எனக்குச் சம்மதமில்லை. ஊர் முழுக்கப் பாட்டுக் கேட்க, அந்த ஒரு வாசல் மட்டும் இருட்டாக நிற்கும். ஆகவே முதல் வீடு துக்க வீடாக இருக்கட்டும். கேரல் தொடங்குவதற்கு முன்பே, டிசம்பர் 17-ஐ ஒட்டி ஒரு மாலையில், நாலைந்து பேர் மட்டும் போங்கள். டிரம், கிறிஸ்துமஸ் தாத்தா, உண்டியல் ஒன்றும் வேண்டாம். முந்தின நாளே போன் செய்து கேட்டுவிடு. வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே, ஜனவரியில் மறுபடி கேள்.

போனதும் உட்காருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி அவரைப் பற்றிக் கேளுங்கள்; ஒரு மாதம் கழிந்தால் யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை, அதுதான் அந்த வீட்டாருக்குப் பெரிய வலி. பிறகு எசாயா 9-ல் காரிருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்ட பகுதியையோ லூக்கா 2:8-12-ஐயோ ஒருவர் வாசிக்கட்டும். ஒரு நிமிடம் மௌனம். ஒரே ஒரு பாட்டு, மெதுவானது. இறந்தவருக்காக ஒரு ஜெபம், எல்லோரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபம். பதினைந்து நிமிடம் போதும். தேநீர் கொடுத்தால் குடியுங்கள், அவசரம் காட்டாதீர்கள்.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். யாராவது ஒருவர் "கடவுளுக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார்" என்று ஆரம்பிப்பார். நல்ல மனதோடுதான் சொல்லுவார், ஆனால் அது தாயின் நெஞ்சைக் கிழிக்கும். கடவுளைப் பிள்ளை பிடிக்கிறவராகக் காட்டும். கிளம்புவதற்கு முன்பே எல்லோரிடமும் சொல்லி வை. இரண்டாவது, வாட்ஸ்அப் குழுவுக்குப் போட்டோ. அந்த வீட்டில் போனை வெளியே எடுக்கவே கூடாது.

வங்கி நோட்டீஸ் வந்த வீட்டை அன்பியக் கூட்டத்தில் பேச்சாக்காதே. உங்கள் பங்கில் ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அதன் தலைவரிடம் தனியாகச் சொல். அவர்கள் இரண்டிரண்டு பேராகப் போவார்கள், வெளியே பேச மாட்டார்கள். நோட்டீசை வாங்கி வாசித்துப் பார்க்கவும் வேண்டும். கடனுக்கு ஈடான சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி செய்கிற சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவு என்று அதில் இருந்தால் பணம் கட்ட 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் குடும்பத்தார் தங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பயத்தில் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்துவிடுகிறார்கள், நாள் ஓடிவிடுகிறது. நட்டாலத்துப் புனித தேவசகாயத்துக்கு ஆடுமாடும் பயிரும் அழிந்து மனம் உடைந்தபோது, திருவிதாங்கூர் படைத்தலைவர் டிலனாய் அவரிடம் யோபுவின் கதையைச் சொன்னார் என்று படித்திருக்கிறாய். யாராவது ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்ததில் இருந்துதான் அவருடைய விசுவாசம் தொடங்கியது.

நோயாளிகளின் பட்டியலை டிசம்பர் 15-க்குள் ஃபாதர் கையில் கொடுத்துவிடு. பெயர், வீட்டு அடையாளம், படுக்கையா நடமாட்டமா, விழுங்க முடியுமா, பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறாரா, எந்த மொழியில் என்று எழுது. உங்கள் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்த வீடுகள், மொழி எழுதாவிட்டால் சிரமம். 23, 24-ல் போய்ச் சொன்னால் ஃபாதரால் எங்கும் போக முடியாது. வீட்டில் ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவை), இரண்டு மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அப்பத்தின் சிறு துணுக்கும் ஒரு வாய்த் தண்ணீரும் போதும். கஞ்சி குடித்துவிட்டேனே என்று கிழவிகள் நற்கருணை வாங்க மறுப்பார்கள். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் நற்கருணைக்கு முந்தின ஒரு மணி நேர நோன்பு கட்டாயமில்லை, திருச்சபைச் சட்டம் 919 அப்படித்தான் சொல்லுகிறது.

இரவு வேலைக்காரர்களையும் தேடு. ஆஸ்பத்திரி நர்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர், வாட்ச்மேன், பேக்கரிப் பையன்கள். நள்ளிரவுப் பூசையைத் தவறவிட்டால் கிறிஸ்துமசே போய்விட்டது என்று இவர்கள் வருந்துகிறார்கள். கிறிஸ்துமசுக்கு நான்கு பூசை உண்டு: 24 மாலைத் திருவிழிப்பு, இரவு, விடியல், பகல். ஒவ்வொன்றுக்கும் வாசகங்கள் தனி. எதில் பங்கெடுத்தாலும் கடமை நிறைவேறும். இரவுக் காவலுக்குப் போன இடையர்கள் தொட்டியைத் தேடிப் போகும் பகுதி விடியற்பூசையில்தான் வருகிறது. வேலை முடிந்து வருகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பூசை வேறு எது? உங்கள் பங்கில் எந்தெந்தப் பூசை எத்தனை மணிக்கு, எந்த மொழியில் என்று ஒரு தாளில் எழுதி அவர்கள் வீட்டில் கொடு.

குடில் விஷயம். 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் வைத்தது வைக்கோல் போட்ட ஒரு தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை. மாதா சுரூபமும் சூசையப்பர் சுரூபமும்கூட இல்லை. தொட்டியின் மேல் பூசை நடந்தது. ஆகவே போட்டிக்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள். உங்கள் கிழக்குப் பக்கம் பனை நிறைய, பனை ஓலையால் கூரை போடலாம். பச்சைக்கு நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டி முளை வந்ததும் இரண்டு விரல் கனத்துக்கு மண் போட்ட தட்டில் விதையுங்கள். டிசம்பர் 12 வாக்கில் விதைத்தால் 24-க்குச் சரியாக நிற்கும். இருட்டறையில் வைத்தால் மஞ்சளாகச் சாய்ந்துவிடும். வைக்கோலுக்குள் மெழுகுதிரி வைக்கவே வேண்டாம். சீரியல் லைட்டின் ஜாயின்ட் வைக்கோலுக்கு வெளியே வரட்டும், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். டிசம்பரில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடாது. ஸ்டாரை மேலும் கீழும் இரண்டு இடத்தில் கட்டுங்கள், காகித ஸ்டார் ஒரு இரவில் கிழிந்துபோகும். பாலன் சுரூபத்தை 24 இரவு வரை வைக்காதீர்கள். காலித் தொட்டியைப் பிள்ளைகள் பார்த்துக் காத்திருக்கட்டும்.

கேரலுக்குக் கணக்கு இது: ஒரு வீட்டுக்கு ஏழு நிமிடம், நடையோடு பத்து. மாலை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் பதினெட்டு வீடு. அதற்கு மேல் வைத்தால் கடைசி வீடுகளில் குழந்தைகள் தூங்கிவிடும், பாடகர்களுக்குத் தொண்டையும் இருக்காது. எப்போதும் கடைசியில் வருவது ஓரத்து ஏழை வீடுகள்தான். இரண்டாம் நாள் வரிசையைத் திருப்பிப் போடு. காணிக்கை கொடுத்த வீடு, கொடுக்காத வீடு என்று பாட்டின் நீளம் மாறக்கூடாது. மலையாள வீட்டில் நற்செய்தியை மலையாளத்தில் வாசிக்க ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

கேரளத்துச் சிரியன் வழிபாட்டு மரபான மலங்கரை முறைக் குடும்பம் ஒன்று உங்கள் தெருவில் இருக்கிறது என்றாய். அவர்கள் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு இருப்பார்கள். அதற்குள் கேக்கும் இறைச்சியும் கொண்டுபோய் நீட்டக் கூடாது. அவர்கள் கிறிஸ்துமஸ் வழிபாட்டில் தீ மூட்டி, பழைய குருத்தோலையை அதில் போடுவார்கள். அழைத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ, பார்க்க வேண்டிய வழிபாடு.

இரவுப் பூசையில் ஒன்றை முன்கூட்டியே மைக்கில் சொல்லச் சொல். நம்பிக்கை அறிக்கையில் அவர் மனிதரானார் என்று வரும் இடத்தில், மற்ற ஞாயிறுகளில் தலை வணங்குவோம். கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் முழந்தாளிட வேண்டும். சொல்லாவிட்டால் பாதிப் பேர் நிற்பார்கள், பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், அதற்குள் அந்த வரி கடந்துவிடும். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு வேலையும். பூசைக்கு முன் கிறிஸ்து பிறப்பின் அறிக்கையைப் பாட ஒருவரை இப்போதே பழக்கு. உரோமை நகர் உண்டாகி 752-ம் ஆண்டு, அகுஸ்து ஆட்சியின் 42-ம் ஆண்டு என்று வரிசையாக எண்கள் வரும், பழகாமல் பாடினால் தடுமாறும்.

25-ம் தேதியோடு கடையைக் கட்டிவிடாதே. ஆண்டவரின் திருமுழுக்குத் திருநாள் வரைக்கும் கிறிஸ்து பிறப்புக் காலம்தான். 28-ல் அந்த மூன்று துக்க வீட்டாரையும் அன்பிய ஜெபத்துக்கு அழை. யார் வீட்டில் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

அம்மை முந்திரிக்கொத்து செய்து பார்சல் போடுகிறாள். காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாள் தாங்கும். துக்க வீடுகளில் இந்த வருஷம் பலகாரம் இராது, அவர்களுக்கென்று தனியாகக் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஜனவரி 14 தேவசகாயம் திருநாளுக்கு மருமகனுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுது. அந்த நோட்டீஸ் எந்தச் சட்டப்படி வந்தது, எந்தத் தேதி போட்டிருக்கிறது என்பதை அதற்கு முன்பே எழுது.

அன்புடன்,
அப்பா