கட்டிலை அளந்தீர்கள், காதைப் பார்க்கவில்லை

மாகாணத்தில் சிறுவர் இல்லங்களுக்கும் சுகாதார சேவைக்கும் பொறுப்பாக இருக்கும் ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும்,

வணக்கம். எங்கள் இல்லம் எங்கே இருக்கிறது, எத்தனை பிள்ளைகள், யார் நடத்துகிறார்கள் என்பதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. நான் ஏற்கெனவே அனுப்பிய இரண்டு கடிதங்களும் அதே கோப்பில்தான் இருக்கும் என்று நம்புகிறேன். பதில் வரவில்லை. அதனால்தான் மூன்றாவதை எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

கேட்பது பெரிய விஷயமல்ல. இல்லத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் மாதத்துக்குள் ஒரு முழு வைத்தியப் பரிசோதனை வேண்டும். அதை எழுதி வைக்க, பிள்ளை போகிற இடமெல்லாம் கூடப் போகிற ஒரு கொப்பி வேண்டும். மாதம் ஒரு தடவை ஒரு தாதி மிஸ் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது ஏன் இந்த அவசரம் என்று கேட்பீர்கள். எங்களிடம் நான்கு வருடமாக இருக்கும் ஒரு பிள்ளைக்கு இடது காது கேட்காது. அது எங்களுக்குத் தெரியவந்தது போன மாதம்.

கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பள்ளிக்கூடத்தில் திமிர் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்; ஒரு தடவை நன்றாகப் பேசிவிட்டேன், இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரவு ஜெபத்துக்கு உட்காரும்போது எப்போதும் பாயின் இடது ஓரத்தில்தான் உட்காருவாள். அந்த இடத்துக்காகச் சண்டை கூடப் பிடிப்பாள். எல்லாரும் தன் வலது பக்கம் இருக்க வேண்டும் என்பது அவள் போட்டு வைத்திருந்த கணக்கு. அது எனக்குப் புரிய நான்கு வருடம் ஆகியிருக்கிறது. தலையணை உறையில் இருந்த மஞ்சள் கறையைத் துவைத்துத் துவைத்துக் காயப் போட்டோமே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வாள். குளிருக்கு வைக்கிறாள் என்று விட்டுவிட்டோம்.

பாடசாலை வைத்தியப் பரிசோதனை இருக்கிறதே என்று சொல்வீர்கள். இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். 200 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பாடசாலைகளில் 1, 4, 7, 10ஆம் தரங்களுக்குப் பார்ப்பார்கள். இந்தப் பிள்ளை 4ஆம் தரத்தின் நடுவில் எங்களிடம் வந்தாள். பழைய பள்ளிக்கூடத்தில் அந்த வருடப் பரிசோதனை இன்னும் நடக்கவில்லை, புதிய பள்ளிக்கூடத்தில் நடந்து முடிந்துவிட்டது. சரி, 7ஆம் தரத்தில்? அன்றைக்கு அவளுக்கு நீதிமன்றத்தில் தவணை. அவளுடைய நலனைப் பற்றி விசாரிக்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

கிளினிக்குக்குக் கூட்டிப் போன அன்று காலை ஐந்து மணி பஸ். நாங்கள் வேலை செய்வது இரண்டு பேர், பிள்ளைகள் 22 பேர். நான் போனால் மற்ற 21 பேரும் சமையல் அக்காவின் தலையில். பதினொரு மணிக்கு நம்பர் வந்தது. எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். தெரியாது. சின்ன வயதில் கடும் காய்ச்சல் ஏதும் வந்ததா? தெரியாது. ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டதா? தெரியாது. வீட்டில் வேறு யாருக்காவது காது கேட்காமல் இருக்கிறதா? தெரியாது. பக்கத்தில் நின்ற மிஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, “அம்மாவுக்கு இதுகூடத் தெரியாதா?” என்றார். “நான் அம்மா இல்லை மிஸ்” என்றேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். வலது காது நன்றாகத்தான் கேட்கிறது.

அவளுடைய அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போனவர், தொடர்பில்லை. பிறந்தபோது கொடுத்த சுகாதார வளர்ச்சிப் பதிவேடு பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்ததாம். பாட்டி செத்து, அவர் இருந்த தோட்டத்து லயக் காம்பரா (வரிசை வீட்டு அறை) வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. நீதிமன்றக் கட்டளையோடு அவள் எங்களிடம் வந்தபோது பெயர், வயது, சேர்க்கும் காரணம் எல்லாம் கடதாசியில் இருந்தது. உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

செவிப்பறையில் ஓட்டை என்றார் டொக்டர். காது வடியத் தொடங்கிய காலத்திலேயே பார்த்திருந்தால் மருந்தோடு முடிந்திருக்கலாம். இப்போது பெரியாஸ்பத்திரியில் காட்டச் சொல்லித் துண்டு எழுதித் தந்திருக்கிறார். ஒப்பரேஷன் என்று வந்தால் யார் கையெழுத்துப் போடுவது என்றும் கேட்டார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. துண்டு சிங்களத்தில் இருந்தது. தமிழும் அரசகரும மொழியானது 1987இல் என்று அந்த இடத்தில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, பக்கத்துக் கடைக்காரரிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

உங்கள் அதிகாரிகள் எங்களைக் கவனிப்பதில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். வருடா வருடம் வருகிறார்கள். கட்டிலுக்குக் கட்டில் எவ்வளவு இடைவெளி என்று டேப் பிடித்து அளக்கிறார்கள். பிளேட்டுகளை எண்ணுகிறார்கள். தீயணைக்கும் மணல் வாளியில் மணல் குறைவு என்று எழுதினார்கள், அன்றைக்கே நிரப்பிவிட்டோம். ஒரு பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்த அதிகாரியை மட்டும் நான் இன்னும் காணவில்லை.

யாரிடம் போய்ச் சொல்வது? தோட்டத்துப் பிள்ளை என்றால் தோட்டம் பார்க்கட்டும் என்கிறார்கள். 1992இல் தோட்டங்களை நடத்தத் தனியார் கம்பனிகள் வந்ததிலிருந்து தோட்டம் எதைப் பார்க்கிறது என்பது மலையகத்தில் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் பள்ளிக்கூடம். இல்லத்துப் பிள்ளை என்றால் நன்னடத்தைப் பிரிவு. நோய் என்றால் சுகாதாரம். ஒரு காதுக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருப்பது எங்களுக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 25ஆவது உறுப்புரை, பராமரிப்புக்காக ஓரிடத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளையின் நிலைமையைக் காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்ய வேண்டும் என்கிறது. கட்டில் இடைவெளியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன். முதல் மாதத்தில் ஒரு பரிசோதனை: காது, கண், பல், இரத்தம், நிறை, உயரம், ஊசி விபரம். அப்புறம் இரவில் பாயை நனைக்கிற, தூக்கத்தில் அலறுகிற பிள்ளைகளோடு தமிழில் உட்கார்ந்து பேச ஒருவர். விபரமெல்லாம் அந்தக் கொப்பியில். எங்கள் இன்னொரு பிள்ளை கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசியின் முதல் தவணையை வேறோர் இல்லத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். கொப்பி இல்லாததால் அதைத் தெரிந்துகொள்ளவே ஒரு வருடம் போனது. 18 வயதில் வெளியே போகிறவளிடம் ஒரு பேக்கும் பாடசாலைச் சான்றிதழும் இருக்கிறது. தன் இரத்த வகை என்ன என்று தெரியாது.

மிஸ்ஸுக்கு ஆளில்லை என்று சொல்வீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். எங்கள் பகுதி மருத்துவிச்சி அம்மா எங்கள் கேட்டைத் தாண்டித்தான் மேல் லயத்துக்கு ஏறுகிறார். அவருடைய பதிவில் கர்ப்பிணித் தாய்மாரும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும்தான், எங்கள் பிள்ளைகள் இல்லை. கூப்பிட்டால் வருவார்; வந்து பூச்சி மாத்திரையும் தந்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய மாதத்தில் ஓர் அரை நாளை எங்களுக்கென்று எழுதித் தந்தால் போதும். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம்.

அடுத்த கிளினிக் வருகிற மாதம் 14ஆம் திகதி. கையெழுத்துப் போடப் போவது யார் என்பதையாவது அதற்கு முன் எழுத்தில், முடிந்தால் தமிழில், அறிவிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துச் சிறுவர் இல்லமொன்றின் மேட்ரன்
(பெயர் போட்டால் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். உங்களுக்குக் கோப்பில் இருக்கிறது.)