காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மண்டபத்தில் தட்டச்சு, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். கடையிலிருந்து வடகடல் கூப்பிடு தூரம்தான். 2012இல் கடை தொடங்கியபோது வாங்கிய டெஸ்க்டாப்பில்தான் இன்றும் வேலை நடக்கிறது. இடையில் அது படுத்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன தை மாதம் ஒரு மீனவர் வீட்டுப் பெண் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அம்மாவோடு வந்தாள். அன்றுதான் கடைசி நாள். ஏழெட்டு முறை சுவிட்சைப் போட்ட பிறகுதான் கம்ப்யூட்டர் எழுந்தது. எழுந்த பின்னும், எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்றே வந்தது. நெட்தான் கோளாறு என்று மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டேன். இணைப்பு தந்தவர்களுக்கு போன் செய்தால், லைன் சரியாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் இருட்டுகிற நேரத்தில் அம்மாவும் மகளும் உச்சிப்புளிக்கு பஸ் ஏறினார்கள். அங்கே விண்ணப்பம் போய்விட்டது. ஆனால் கருவாடு காயப்போடும் வேலைக்குப் போகிற அந்த அம்மாவுக்கு அன்றைய கூலி போனது. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

லைன் நிஜமாகவே சரியாகத்தான் இருந்தது. திரையின் வலது மூலையில் தேதி 1.1.2012 என்று காட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு இணையதளத்துக்கும் இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. கம்ப்யூட்டர் 2012 என்று நினைத்துக்கொண்டிருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் நடப்புக்கே வரவில்லை என்று சொல்லி பிரவுசர் கதவைச் சாத்திவிடும்.

மறுவாரம் திரையே வரவில்லை. ஃபேன் சுற்றுகிறது, உள்ளிருந்து பீப் பீப் என்று சத்தம், மானிட்டர் கறுப்பு. வெளியூரில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். மூடியைக்கூடக் கழற்றாமல், எல்லாப் பாகங்களையும் இணைக்கிற தாய்ப்பலகையான மதர்போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்றார்கள். காயலான் கடைக்குப் போட மனம் வராமல் திரும்பத் தூக்கி வந்தேன்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார். விசைப்படகுகளில் வயர்லெஸ், ஜிபிஎஸ், கடல் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் எல்லாம் பழுது பார்ப்பவர். அவர்தான் பவர் வயரை உருவிவிட்டு, சுவிட்சைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து மிச்ச கரண்டையும் இறக்கிவிட்டு, பெட்டியைத் திறந்தார். கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ராம் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். அடி ஓரத்தில் வரிசையாக மின்ன வேண்டிய தங்கப் பற்கள் மங்கி, அங்கங்கே பொடிப் புள்ளி விழுந்து கிடந்தன. “தங்கச்சி, இது சாகல. உப்பு பிடிச்சிருக்கு” என்றார். என் மேசையிலிருந்த பென்சில் ரப்பரை எடுத்து, பற்களின் மேல் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தார். ரப்பர் கறுத்தது, பற்கள் மஞ்சளாகத் தெரிந்தன. துகளை பிரஷால் தட்டிவிட்டு, டக்கென்று சத்தம் கேட்கும்வரை திரும்ப அழுத்தி மாட்டினார். அடுத்த முறை ஒரே பீப், திரை வந்துவிட்டது.

அப்புறம் மதர்போர்டில் இருந்த வட்ட பேட்டரி. சிஆர் 2032 என்பார்கள், 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். 3 வோல்ட் காட்ட வேண்டியது மீட்டரில் 2.1தான் காட்டியது. ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்ததும் தேதி மறந்துபோனதற்கு அதுதான் காரணம். சில்லறைக் காசில் தீர்கிற விஷயம். நெட் வருகிற லேன் வயரின் முனையிலும் செப்புப் பாத்திரம் போலப் பச்சைக் களிம்பு. அதை வெட்டிவிட்டுப் புது முனை போட்டதும், நடுநடுவே நெட் அறுந்துபோவதும் நின்றது.

பாம்பன் பழைய ரயில் பாலத்தைத் திறந்தது 1914இல். உப்புக் காற்று தின்றுவிடாமல் அதற்குப் பெயின்ட் அடிப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவ்வளவு பெரிய இரும்பையே அரிக்கிற காற்று, நகக்கண் அகலப் பற்களை விட்டுவைக்குமா? வாடைக்காற்று அடிக்கிற மார்கழி, தையில்தான் இங்கே பல கடைகளில் கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது. எல்லாக் கோளாறும் ரப்பரில் தீராது என்பதும் தெரியும். மதர்போர்டில் குட்டி உருளை போல நிற்கும் கபாசிட்டரின் தலை உப்பியிருந்தால் அது வேறு செலவு. பழைய விண்டோஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. என் மிஷினில் இப்போது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம்தான் ஓடுகிறது.

நான் கேட்பது இதுதான். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிச் சுரண்டி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பார்க்கிறோம். அதே நாட்களில் நம் கடலோரப் பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், ஊராட்சி அலுவலகங்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களையும் திறந்து ஒருமுறை சுத்தம் செய்யட்டும். ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களை அனுப்பினால் அவர்களுக்கும் கை பழகும். ஓடாது என்று மூலையில் ஒதுக்கி, துணி போட்டு மூடிவைத்திருக்கும் கம்ப்யூட்டர்களைக் கழிவென்று எழுதி ஏலம் விடும் முன்பு, ராமைக் கழற்றித் துடைத்து, பேட்டரியை மாற்றிப் பார்த்தோம் என்று ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகே ஏலம் விட வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதை உத்தரவாகவே போட்டால் நல்லது. தங்கள் நாளிதழ் தடைக்காலம் தொடங்கும் முன்பே இதை வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.