யாரிடம் ஒப்படைத்தார்கள்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு வடக்கின் வெள்ளக் கண்காணிப்புச் செயலி பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆய்வு முடிந்ததும் செயலி சமூகத்திடம் ஒப்படைக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி. அந்தச் சமூகத்தில் நானும் ஒருத்தி. மட்டக்குளியில் எங்கள் தோட்டக் குடியிருப்புப் பெண்கள் பதினொரு பேர், எட்டு மாதம், காலையும் மாலையும் கால்வாய்த் தண்ணீரைப் படம் எடுத்து, மட்டத்தையும் எழுதி, அந்தச் செயலிக்கு அனுப்பினோம். ரீலோட் காசும் எங்களுடையதுதான்.

ஒப்படைப்பது என்றால், சேர்வருக்கு மாதாமாதம் யார் காசு கட்டுவது, கடவுச்சொல் யார் கையில் இருப்பது என்று பேசியிருக்க வேண்டும். கடைசிக் கூட்டத்தில் ஆய்வுக் குழுவினர் சான்றிதழும் சோற்றுப் பார்சலும் தந்தார்கள். அடுத்த மழைக்குச் செயலி திறக்கவே இல்லை. அன்றிரவு பக்கத்து வீட்டு ஆச்சி, "புள்ள, தண்ணி ஏறுமா?" என்று என்னிடம்தான் வந்து கேட்டார். வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவள் நான். அவர்கள் போய்விட்டார்கள், நான் அதே ஒழுங்கையில் இருக்கிறேன்.

இது முதல் தடவையும் அல்ல. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையில் என் அக்கா வீடு மூழ்கியது. தண்ணீர் வடிவதற்குள் ஆய்வு செய்கிறவர்கள் படிவத்தோடு வந்தார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், அதே கொலன்னாவையின் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்காவின் மகள் சிநேகிதியைப் பறிகொடுத்தாள். வந்த ஒவ்வொரு குழுவுக்கும் அதை முதலிலிருந்து சொன்னாள், அழுதாள். ஓர் அறிக்கைகூட அவளிடம் திரும்பி வரவில்லை.

1987இலிருந்து தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. எங்களிடம் நீட்டிய சம்மதப் படிவமோ ஆங்கிலத்தில் இருந்தது. சிங்களத்தில் வாயால் விளக்கினார்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்தோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பார்க்கும் உரிமையைப் பேசுகிறது. தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? படிவத்தின் பிரதிகூட எங்களிடம் இல்லை.

அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுங்கள். கட்டுரைக்குப் பேட்டி தந்தவர்களின் தொடர்பு தங்களிடம் இருக்கும். நாங்கள் எழுதிய எட்டு மாத நீர்மட்டக் குறிப்பைத் தமிழில் அச்சடித்து எங்கள் வாசிகசாலைக்கு ஒரு பிரதி தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மட்டக்குளி வாசகி,
கொழும்பு 15