படத்தை ஏற்றினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய புகைப்படங்களை இணையத்தில் ஏற்றிப் பொதுமக்களைக் கருத்து எழுத விடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வருகிறவர் போகிறவரெல்லாம் எழுதினால் ஆவணத்தின் மதிப்பு கெட்டுவிடும் என்று கட்டுரையாளர் பயப்படுகிறார். ஒரு நூலகத்தின் புகைப்படப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பட்டியல் எழுதியவள் நான். எனக்கும் ஒரு காலத்தில் அந்தப் பயம் இருந்தது. இப்போது என் கவலை வேறு.

நாங்கள் எழுதிய குறிப்புகள் ஒன்றும் வேதவாக்கு அல்ல. பாதிக்கு மேல், படத்தின் பின்புறம் யாரோ பென்சிலில் கிறுக்கியதைப் பார்த்து எழுதியவைதான். அதுவும் இல்லையென்றால் 'பெயர் தெரியாத குழு' என்று எழுதி உறையில் போட்டு மூடிவிடுவோம். ஒருமுறை ஒரு குழுப் படத்தின் நெகட்டிவை மாற்றி வைத்துப் பிரதி எடுத்துவிட்டேன். இடம் வலமாகிவிட்டது தெரியாமல், 'இடமிருந்து வலம்' என்று பெயர்களையும் வரிசையாக எழுதிவைத்தேன். பல வருடம் யார் கண்ணிலும் படவில்லை. வேறு ஏதோ வேலையாக வந்த ஒரு தையற்காரர்தான், "என்னம்மா, இத்தனை ஆம்பளைக்கும் சட்டைப் பட்டன் அந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார். அட்டையைத் திருத்தினேன். யார் சொல்லித் திருத்தினேன் என்று எழுத அந்த அட்டையில் இடமே இல்லை.

அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் ஃப்ளிக்கர் என்ற புகைப்படப் பகிர்வுத் தளத்தில் சுமார் 3,100 படங்களை வெளியிட்டதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துபோகிறது. அவற்றில் ஏறக்குறைய பாதி, பெய்ன் என்ற செய்திப்பட நிறுவனத்தின் 1910-களின் கண்ணாடி நெகட்டிவ்கள். பலவற்றில் குறிப்பு என்று இருந்தது கண்ணாடியில் கீறிய ஒரு குடும்பப் பெயர் மட்டுமே. அவை சரிபார்க்கப்படாதவை என்று நூலகமே ஒப்புக்கொண்டுதான் வெளியிட்டது. பதிப்புரிமை விஷயத்திலும் அதே அடக்கம். 'உரிமை இல்லை' என்று அடித்துச் சொல்லாமல், 'அறிந்தவரை பதிப்புரிமைத் தடை இல்லை' என்று மட்டும் போட்டார்கள்.

அக்டோபர் மாதத்துக்குள் 7,166 கருத்துகளும் 67,176 குறிச்சொற்களும் (படத்தைத் தேடி எடுக்க உதவும் அடையாளச் சொற்கள்) சேர்ந்தன. தகாதது என்று நீக்க வேண்டியிருந்தவை 25-க்கும் குறைவு. கட்டுரையாளர் அஞ்சும் வம்பு அங்கே அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் இந்த எண்களைவிட முக்கியமானது இன்னொன்று: மக்கள் தந்த தகவலைக் கொண்டு நூலகத்தின் சொந்தப் பட்டியலில் 500-க்கும் மேற்பட்ட பதிவுகள் செழுமைப்படுத்தப்பட்டன. அது தானாக நடக்காது. யாரோ ஒருவர் உட்கார்ந்து கருத்துகளைப் படித்து, அவர்கள் காட்டும் ஆதாரத்தைத் தேடிப் பார்த்துப் பட்டியலில் ஏற்ற வேண்டும். பல நிறுவனங்கள் இந்த ஆளைத்தான் நியமிப்பதில்லை. ஒரு நூலகம் ஏற்றிய படத்தின் கீழே, கட்டடத்தின் பெயர் தவறு என்று ஆதாரத்தோடு நான் எழுதி மூன்று வருடம் ஆகிறது. நன்றிகூட வேண்டாம், 'பார்த்தோம்' என்று ஒரு சொல்? அவர்கள் பட்டியலில் இன்றும் அதே தவறான பெயர்தான் நிற்கிறது.

இரண்டு பேர் இரண்டு பெயர் சொன்னால் என்ன செய்வது என்று கட்டுரையாளர் கேட்கிறார். நியாயமான கேள்வி. பழைய குறிப்பை அழிக்கவே கூடாது. பிழையோடு அப்படியே இருக்கட்டும். அதன் கீழே புதிய தகவல், சொன்னவர், தேதி, ஆதாரம். முடிவாகாவிட்டால் இரண்டு பெயரும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. அந்தக் கருத்துகளெல்லாம் இருப்பது நூலகத்தில் அல்ல, ஒரு தனியார் தளத்தில். 2008-இல் ஃப்ளிக்கர் யாகூவிடம் இருந்தது. 2018-இல் ஸ்மக்மக் என்ற இன்னொரு புகைப்படத் தள நிறுவனம் அதை வாங்கி, அதே வருடம் இலவசக் கணக்குகளுக்கு 1,000 படம்தான் என்று வரம்பு அறிவித்தது. நூலகங்களின் படங்களுக்கு விலக்குக் கிடைத்தது என்னவோ உண்மை. அடுத்த முறையும் கிடைக்கும் என்று யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? வரும் கருத்துகளை அவ்வப்போது இறக்கி நூலகத்திலேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாப் படத்தையும் ஏற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளிகள், கைதிகள், துக்கத்தில் இருப்பவர்கள் உள்ள படங்களை யோசித்துத்தான் வெளியிட வேண்டும். அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

கடைசியாக, அந்தக் கட்டுரைக்கு நீங்கள் போட்டிருந்த பழைய வாசகசாலைப் படத்தின் கீழே 'கோப்புப் படம்' என்று மட்டும் இருந்தது. எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரிந்தால் அடுத்த இதழில் போடுங்கள். தெரியாவிட்டால் வாசகர்களைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்