எந்தத் துறை என்று கேட்ட தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

மூன்றாம் ஆண்டு முடியப் போகிறது, வகுப்பில் பாதிப் பேர் கிரிமினல், கார்ப்பரேட், வரி என்று ஆளுக்கொரு பக்கம் முடிவு செய்துவிட்டார்கள், நான் மட்டும் இன்னும் திணறிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அரசியலமைப்புச் சட்டத்தில் நல்ல மதிப்பெண் வந்திருக்கிறதே, அதிலேயே போய்விடலாமா என்றும் கேட்டிருந்தாய். அந்த மதிப்பெண்ணை முதலில் ஓரமாக வை. பாடம் பிடிப்பது வேறு, அந்தப் பாடத்தை வைத்து நடக்கும் தொழில் பிடிப்பது வேறு.

டோனகியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கைப் படித்திருப்பாய். குடித்தவர் மே டோனகியூ, பீரைத் தயாரித்தவர் ஸ்டீவன்சன். இஞ்சி பீர் பாட்டிலில் நத்தை, 1932-இல் அன்றைய பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபையின் தீர்ப்பு, அண்டையர் கோட்பாடு (நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் கவனமாக நடக்க வேண்டும் என்பது). பரீட்சைக்கு இவ்வளவு போதும். வக்கீல் வேலை எங்கே இருந்தது என்று தெரிய வேண்டுமானால் வால்டர் லீச்மனைப் பார்க்க வேண்டும். மே டோனகியூவின் வழக்கறிஞர் அவர். வேறு கட்சிக்காரர்களுக்காக, பாட்டிலுக்குள் எலி கிடந்ததாகத் தொடர்ந்த இதே மாதிரி வழக்கில் 1929 மார்ச் மாதம் அவர் தரப்பு தோற்றது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரலில் நத்தை வழக்கைத் தாக்கல் செய்தார். கட்சிக்காரரிடம் பணம் கிடையாது. மேல்முறையீட்டுக்குப் போக, அவர் ஏழை என்று நிறுவி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கடைசியில் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் ஏற்றுக்கொண்டார்கள். அதுவும் இப்படி ஒரு வழக்கு சட்டப்படி நிற்குமா என்ற கேள்விக்கு மட்டும்தான் விடை. பாட்டிலில் நத்தை இருந்ததா என்பது விசாரணைக்கே வரவில்லை. அதற்குள் ஸ்டீவன்சன் இறந்துபோனார், விவகாரம் சமரசத்தில் முடிந்தது.

தீர்ப்பைப் படித்து ரசிக்க நம் எல்லோராலும் முடியும். தோற்ற சூடு ஆறுவதற்குள் அதே வாதத்தை மறுபடி எழுதி எடுத்துக்கொண்டு போவதற்கும், கட்சிக்காரரின் ஏழ்மைக்குக் காகிதம் சேர்ப்பதற்கும் உனக்கு மனசு வருமா? துறையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கச் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு துறைக்கும் அதற்கே உரிய அலுப்பு உண்டு. எந்த அலுப்பு உனக்குப் பொறுக்கும்?

கிரிமினல் பக்கம் என்றால் குறுக்கு விசாரணைதான் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதற்கு முந்தைய ராத்திரிகளை யாரும் பார்ப்பதில்லை. ஒரு சாட்சி, சம்பவம் எட்டரை மணிக்கு நடந்தது என்கிறார். புகாரோ எட்டேகாலுக்கே பதிவாகியிருக்கிறது. இந்தக் கால் மணி நேர இடறலைக் கண்டுபிடிக்க, அதே வாக்குமூலங்களையும் மகஜரையும் (சம்பவ இடத்தில் சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவு) மருத்துவர் அறிக்கையையும் நாலாவது முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கண்டுபிடித்துத் தயாராகப் போய் நின்றால், சாட்சி வரவில்லை, வாய்தா. அடுத்த முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து படி.

கார்ப்பரேட்டில் வேறு மாதிரி. ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்குகிறது. விற்கப்படும் கம்பெனி போட்ட குத்தகை, கடன், சப்ளை ஒப்பந்தங்கள் அத்தனையும் உன் மேஜைக்கு வரும். உரிமையாளர் மாறினால் எதிர்த்தரப்பின் சம்மதம் வேண்டும் என்று எதிலாவது எழுதியிருக்கிறதா என்று தேட வேண்டும். தலைப்புப் போட்டு அது நேராகவும் நிற்காது. ஒப்பந்தத்தை மற்றவருக்கு மாற்றக்கூடாது என்று ஒரு பிரிவு இருக்கும். ‘மாற்றுதல்’ என்பதில் பங்குகள் கைமாறுவதும் அடங்கும் என்ற வரி எங்கேயோ முன்னால் வரையறைப் பகுதியில் உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்த நிமிஷத்தில் உனக்கு ஒரு சந்தோஷம் வந்தால், சரி, அந்தப் பக்கம் யோசி. வராவிட்டால் சம்பளம் மட்டும் உன்னை ரொம்ப நாள் அங்கே இழுத்துப் பிடித்து வைக்காது.

குடும்ப வழக்குகளில் சட்டம் கொஞ்சம், மனிதர்கள் அதிகம். குழந்தையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது என்று இரவில் போன் வரும். வரிச் சட்டத்தில் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். காப்புரிமைக்குப் பல நாடுகளில் அறிவியல் படிப்பும் கேட்கிறார்கள், அதை முன்னாலேயே விசாரித்து வை.

மூட் கோர்ட்டில், அதாவது மாணவர்களின் மாதிரி நீதிமன்றப் போட்டியில், பரிசு வாங்கியதால் விசாரணை நீதிமன்றம் தனக்கு ஒத்துவரும் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூட்டில் சம்பவங்களை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், இரு தரப்புக்கும் அதில் தகராறு கிடையாது. விசாரணையில் சண்டையே சம்பவத்தைப் பற்றித்தான். மூட் பிடித்திருந்தால் அது மேல்முறையீட்டு வேலைக்கான அறிகுறி என்று வேண்டுமானால் எடுத்துக்கொள். (பேச்சு வராதவர்கள் வக்கீல் ஆகக்கூடாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.)

காந்தியையே எடுத்துக்கொள். பாரிஸ்டராகி வந்தவர், பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் (சிறு வழக்குகளுக்கான நீதிமன்றம்) சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நின்று, பேச்சு வராமல் உட்கார்ந்துவிட்டார். ஃபீஸைத் திருப்பிக் கொடுத்தார். ராஜ்கோட்டில் மனுக்கள் எழுதிக் கொடுப்பதில் ஓரளவு பிழைப்பு ஓடியது. 1893-இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது தாதா அப்துல்லா கம்பெனியின் 40,000 பவுண்டு வழக்குக்காக. வழக்கு முழுக்கக் கணக்கு வழக்கு. அவருக்கோ கணக்கு எழுதும் முறையே தெரியாது. புத்தகம் வாங்கிப் படித்துத் தெரிந்துகொண்டு, விவரங்களைக் கரைத்துக் குடித்தார். பிறகு இரு தரப்பையும் மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார். எதிர்த்தரப்பு தாதா அப்துல்லாவின் உறவினர்தான்; தோற்ற அவர் திவாலாகாமல் இருக்கத் தவணையில் பணம் கட்டவும் வழி செய்தார். அதே ஆள், அதே பட்டம். சாட்சிக் கூண்டின் முன்னால் வராதது, கணக்குப் புத்தகத்தின் முன்னாலும் சண்டைக்காரர்களின் நடுவிலும் வந்தது.

உன்னுடையது எது என்று சோதிக்க, இன்டர்ன்ஷிப்பில் வாதம் நடக்கும் நாளை மட்டும் பார்த்துவிட்டு வராதே. முதல் நாள் மாலை ஜூனியரோடு உட்கார். ஒரு வழக்குக் கட்டைக் கேட்டு வாங்கி, தேதிவாரியாக நடந்ததை எழுதிக் கொடு. அது எந்தத் துறையிலும் முதல் வேலை, யாரும் மறுக்க மாட்டார்கள். எந்த ஆபீஸில் அதைச் செய்யும்போது கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தாய் என்று மட்டும் குறித்து வை. சீனியர் எப்படிப்பட்டவர் என்பதும் முக்கியம், ஏன், துறையைவிட முக்கியம் என்றே சொல்வேன். எழுதிக் கொடுத்ததைத் திருத்தித் திருப்பித் தருபவரா, வாங்கி வைத்துக்கொண்டு மறந்துவிடுபவரா என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

இன்னும் பெயரே வைக்காத துறைகளும் வரும். தகவல் பாதுகாப்பைப் பார். ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகு அதற்கென்றே தனி வக்கீல்கள் தேவைப்பட்டார்கள். அவர்களில் பலர் கல்லூரியில் அப்படி ஒரு பாடத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அதனால் விருப்பப் பாடம் எடுக்கும்போது சாட்சியச் சட்டம், நடைமுறைச் சட்டம் சார்ந்ததாக எதுவும் கிடைத்தால் விடாதே, எந்தத் துறைக்குப் போனாலும் கைகொடுக்கும். பேலன்ஸ் ஷீட் படிக்கவும் கற்றுக்கொள்.

பணத்தைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. கல்விக் கடன் இருந்தால் சொல். நீதிமன்றத்தில் முதல் சில வருடங்கள் வருமானம் மெல்லத்தான் வரும். கடனுக்காகக் கொஞ்ச காலம் கம்பெனி வேலைக்குப் போவதில் தப்பே இல்லை. விசாரணை வக்கீல் ஆகும் எண்ணம் இருந்தால் அதை மட்டும் ரொம்ப நீட்டாதே, நின்று பேசும் பழக்கம் தாமதமாக வந்தால் கஷ்டம்.

அடுத்த விடுமுறைக்கு ஒரு கிரிமினல் ஆபீஸ், ஒரு ஒப்பந்த ஆபீஸ் என்று இரண்டுக்கும் விண்ணப்பம் போடு. போடுவதற்கு முன் எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம், மூட் பரிசைக் கடைசி வரியில் போட்டால் போதும்.

அன்புடன்,
அக்கா