போர்டிங் மறுபடி திறந்தாச்சு, எல்லாருக்கும் நன்றி

குன்னூர்க்காரர்களுக்கும், குன்னூரை விட்டுப் போன பிறகும் எங்களை மறக்காதவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் போர்டிங், அதாவது ஆட்கள் வந்து தங்கிப்போகும் விடுதி, திறந்துவிட்டது. போன வாரத்திலிருந்து கீழே ஆட்கள் தங்குகிறார்கள், மாடியில் இரண்டு அறை வேலை மட்டும் பாக்கி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்ல வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை, ஆனால் பாதிப் பேர் பெயர்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போனவர்கள், அவர்களை எங்கே போய்த் தேடுவது, அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதியது கொஞ்சம், மீதி நானாக எழுதியது.

வெளியூரில் இருப்பவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் பின்பக்கத் தடுப்புச் சுவர் சரிந்து, மேட்டு மண் அப்படியே சமையலறைச் சுவரில் வந்து மோதியது. சுவர் வெடித்தது, ஓட்டுக்கூரை ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. பகல் நேரம், கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் அடிபடவில்லை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டி, மாவட்டம் முழுக்க நிலச்சரிவில் தவித்தபோதும் அசையாமல் நின்ற கட்டடம் இது. அது இப்படி வாய்பிளந்து நிற்பதைப் பார்த்து அம்மா சாப்பிடவே மறுத்துவிட்டார். ஆட்களைத் தங்கவைக்கக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது, அந்த நிலையில் அது சரியான முடிவுதான். அப்புறம் இடத்தை விலைக்குக் கேட்டு ஆள் வந்தார்கள். ரிசார்ட் கட்டப் போகிறார்களாம். பெரிய தொகை. விற்றிருந்தால் உங்களில் ஒருவரும் எங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் இந்த வீடு எதற்காக ஆரம்பித்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அதையும் எழுதிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் 1899-ல் குன்னூர் வரை வந்தது, ஊட்டிக்குப் போனது 1908-ல்தான். ஊட்டிக்கு ரயில் போவதற்கு முந்தின வருஷம், 1907-ல், இங்கே பாஸ்டியர் நிறுவனம் தொடங்கினார்கள். வெறிநாய் கடித்தவர்கள் எங்கெங்கோ இருந்து ரயிலேறி வந்தார்கள். தினமும் ஊசி, அதுவும் வயிற்றில். ஒரே ஊசியில் முடிகிற வைத்தியம் இல்லை, முடியும்வரை இந்தக் குளிரில் எங்கே தங்குவது? அவர்களுக்கு ஒரு கட்டிலும் கம்பளியும் கஞ்சியும் கொடுக்கத்தான் எங்கள் கொள்ளுத்தாத்தா இரண்டு அறையோடு இதை ஆரம்பித்தார். தாத்தா சொன்ன கதைகளில் பாதி நாய்க்கடிக்காரர்களின் கதைதான்.

அதற்குப் பிறகு 1964-ல் இந்தியாவும் சிலோனும் போட்ட ஒப்பந்தம். அதன்படி சிலோனிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மண்டபம் முகாமிலிருந்து பெட்டி படுக்கையோடு மலையேறி, அரசாங்கத்தின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலையும் லைன் வீடும் கிடைக்கும்வரை இங்கே நாள்கணக்கில் இருந்தார்கள். காசு இருந்தால் கொடுப்பார்கள், இல்லையென்றால் பாட்டி கேட்க மாட்டார். தேயிலை ஏலம் கம்ப்யூட்டருக்குப் போவதற்கு முன்னால் ஏலத்துக்கு வரும் கணக்குப்பிள்ளைகள் இங்கேதான் தங்குவார்கள். இன்றைக்கும் லாலி ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸை விட்ட கொலக்கம்பைக்காரர்களும், வெலிங்டனில் மகன் ராணுவப் பயிற்சி முடித்து அணிவகுப்பதைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்களும் வந்து தட்டுவது இந்தக் கதவைத்தான். மே மாதம் பழக்கண்காட்சி சமயத்தில் ஊர் முழுக்க சீசன் ரேட். அப்போது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எங்கே போவார்கள்? இந்த ஒரு கேள்விதான் அம்மாவை விற்க விடவில்லை, உங்களையும் எங்களோடு நிற்க வைத்தது அதுதான் என்று நம்புகிறேன்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதலில் பஸ் ஸ்டாண்ட் ஆட்டோ, ஜீப் ஓட்டும் அண்ணன்மார். சுவர் சரிந்த அன்று மழை விடுவதற்குள் தார்ப்பாய் கொண்டுவந்து கூரையில் ஏறிக் கட்டினீர்கள். அதைக் கட்டாமல் விட்டிருந்தால் மாடித் தரைப் பலகை எல்லாம் ஊறிப் போயிருக்கும், பிறகு காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்காது.

பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்ட பொறியாளர் ஐயாவுக்கு அடுத்தது. மழை நின்றதும் வந்து, கட்டடத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்து, இடிக்கத் தேவையில்லை என்று முதலில் சொன்னவர் அவர்தான். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய விட்டிருந்த துளைகள் மண்ணடைத்துப் போயிருந்தன, பின்னால் தேங்கிய தண்ணீரின் கனம்தான் சுவரைத் தள்ளியது என்று காட்டினார். வீட்டுச் சுவர் கல்லும் சுண்ணாம்பும். அதன் மேல் எப்போதோ பூசிய சிமெண்ட், உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது, அதனால்தான் சுண்ணாம்பு உள்ளுக்குள்ளேயே உதிர்ந்துபோனது. நீலகிரியில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூசாதீர்கள்.

அந்த சிமெண்டைச் செதுக்கி எடுத்தது கல்லூரிப் பிள்ளைகள். சனி ஞாயிறு பார்க்காமல், கை கொப்பளிக்க. மறுபடி சுண்ணாம்பு பூசத் தெரிந்த ஆள் வேண்டுமே என்று விசாரித்தபோது ஓட்டுப்பட்டறையில் எழுபது வயது தாண்டிய ஒரு கொத்தனார் ஐயா கிடைத்தார். வேலையை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. கூலியைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன் என்றார். பனியும் ஈரமும் இருந்தால் சுண்ணாம்பு இறுகாது, தை பிறக்கட்டும் என்று எல்லாரையும் காக்க வைத்தார். அதற்குள் தொட்டி கட்டிச் சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் தனியே ஊறவைத்து, எந்தப் பதத்தில் கலக்க வேண்டும் என்று கையில் எடுத்து உருட்டிக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். கடுக்காய் இடித்தது எங்கள் தெரு அக்காமார். இன்றைக்கு ஊரில் அந்தப் பூச்சுத் தெரிந்த இளவட்டங்கள் நாலு பேர் இருக்கிறார்கள் என்றால் அது அவரால்.

தடுப்புச் சுவரை இந்தத் தடவை வெறுங்கல் அடுக்கித் தண்ணீர் வடிகிற மாதிரி கட்டியாயிற்று. கல் இறக்க தோட்டத்திலிருந்து வந்த பெண்களில் ஒருவர், சிறுமியாகச் சிலோனிலிருந்து வந்து முதல் ராத்திரி தூங்கியது இந்த வீட்டுக் கூடத்தில்தான் என்று சொல்லி அந்த இடத்தைக் காட்டினார். அம்மாவும் அவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் குறுக்கே போகவில்லை.

ஹட்டிகளில், அதாவது படுகர் கிராமங்களில், இருக்கும் தேயிலை விவசாயிகளே, பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை என்று நீங்களே போராடிக்கொண்டிருக்கிறீர்கள், அப்படியிருந்தும் வீட்டுக்கு வீடு ஒரு நாள் கொழுந்துக் காசு எடுத்துக் கொடுத்தீர்கள். மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு, கேரட், அவரை வேறு. வேலை நடந்த நாளெல்லாம் யாரும் பசியோடு திரும்பவில்லை. மங்களூர் ஓடு பழசோடு சேருகிற மாதிரி கிடைக்காமல் தவித்தபோது, கோத்தகிரிப் பக்கம் பிரித்த ஒரு பங்களாவின் ஓட்டை லாரி வாடகையும் தானே கொடுத்து ஒருவர் அனுப்பினார். உத்தரமும் ஜன்னலும் செய்த ஆசாரி அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியில் ஓய்வு பெற்றவர். பேக்கரிக்காரர் தினமும் வர்க்கி அனுப்பினார். நாங்குநேரிப் பக்கமிருந்து ஒரு அப்பா, மகனின் அணிவகுப்புக்கு வந்தபோது இரண்டு நாள் தங்கியவர், செய்தி கேள்விப்பட்டுப் பணம் அனுப்பி, கூடவே ஒரு கடிதமும் போட்டார். அதை அம்மா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

வந்த பணம், போன பணம் எல்லாக் கணக்கும் வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறது. ரசீதுகளும் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மிச்சம் இருப்பதை அடுத்த மழைக்கு முன்னால் மேட்டுக் கால்வாயைத் தூர்வாரச் செலவழிக்கலாம் என்று இருக்கிறோம். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள். வாடகை பழைய வாடகைதான். சீசன் ரேட் எந்தக் காலத்திலும் கிடையாது, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்குக் கடைசி அறையை எப்போதும் காலியாக வைப்போம், இதை அம்மா எழுதச் சொன்னார், நானும் ஒப்புக்கொண்டு எழுதுகிறேன்.

வரும் ஞாயிறு மதியம் எல்லாருக்கும் இங்கேதான் சாப்பாடு. முதல் பந்தியில் கொத்தனார் ஐயாவை உட்காரவைக்க வேண்டும், அவர் வர மாட்டேன் என்பார், ஓட்டுப்பட்டறைக்காரர்கள் எப்படியாவது கூட்டி வந்துவிடுங்கள். வேலைக்குக் கொடுத்துவிட்டு மறந்த சாமான்கள் திண்ணையில் இருக்கின்றன: ஒரு ரசமட்டம், இரண்டு பெரிய அண்டா, ஒரு மூங்கில் ஏணி, பச்சைக் கரை போட்ட கம்பளி ஒன்று. உங்களுடையது என்றால் சாப்பிட வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.